பிள்ளை குட்டையா இருக்கானேன்னு கவலையா? முதல்ல அளந்து பாரு

தங்கச்சி, ஸ்கூல் பிரேயர்ல உன் பையன் முதல் ஆளா நிக்கிறான்னு மட்டும் வச்சு பயந்துடாதே. போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் எத்தனை சென்டிமீட்டர் வளர்ந்திருக்கான்? அதுதான் முக்கியம்.

செருப்பைக் கழட்டி, கொண்டையோ குடுமியோ இருந்தா அவிழ்த்து, குதிகால், பின்பக்கம், தோள்பட்டை, பின்தலை எல்லாம் சுவரில் படுற மாதிரி நிக்க வை. தலைமேல தடிப் புத்தகத்தைச் சமமா வச்சு, அதன் அடியில் பென்சில் கோடு போட்டு, பக்கத்துலயே தேதியும் எழுது. சாயங்காலத்துல உயரம் கொஞ்சம் குறையும். அதனால எப்பவும் காலையிலயே அள. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போதும்.

முதல் வருஷம் குழந்தை சுமார் 25 செ.மீ. வளரும், அடுத்த வருஷம் 12. நாலு வயசுக்கு மேல, வயசுக்கு வர்ற வரைக்கும் வருஷத்துக்கு 5, 6 செ.மீ. இருக்கணும். 5-க்குக் கீழே போச்சுன்னா டாக்டரைப் பாரு. ஒல்லியா இல்லாம, குண்டாகிக்கிட்டே உயரம் மட்டும் நின்னு போனா தள்ளிப்போடவே கூடாது. தைராய்டு மாதிரி ஹார்மோன் குறை இருக்கலாம்.

அப்பா, அம்மா உயரத்தையும் கணக்குல எடு. அப்பா 165, அம்மா 152-ன்னா ரெண்டையும் கூட்டி, பையனுக்கு 13 சேர்த்து, பொண்ணுக்கு 13 கழிச்சு, பாதியாக்கு. பையனுக்கு 165, பொண்ணுக்கு 152 வரும். இதுல எட்டு செ.மீ. முன்னே பின்னே இருக்கலாம். மாமியார்கிட்டயும் கேளு, உன் வீட்டுக்காரருக்கு மீசை லேட்டாத்தான் வந்துச்சான்னு. சில குடும்பத்துல பிள்ளைங்க தாமதமா வளர்ந்து, பிறகு எட்டிப் பிடிச்சிடுவாங்க.

பொண்ணு விஷயத்துலதான் எனக்கு ரொம்ப ஆதங்கம். "வயசுக்கு வந்ததும் வளந்துடுவா"ன்னு காத்திருக்கிறோம். உண்மையில வயசுக்கு வந்த பிறகு பெரும்பாலும் சில சென்டிமீட்டர்தான் மிச்சம். காரணமே தெரியாம பொண்ணு ரொம்பக் குட்டையா இருந்தா டர்னர் சிண்ட்ரோம்ங்கிற குரோமோசோம் குறைக்கும் டெஸ்ட் பண்ணச் சொல்வாங்க. அதைக் கேட்டு மிரளாதே, செஞ்சுடு.

உயரம் கூட்டுறதா விளம்பரம் பண்ற பவுடருக்குக் காசைக் கொட்டாதே. முட்டை, மீன், பருப்பு, கேழ்வரகு, பால், நல்ல தூக்கம், ஓடியாடி விளையாட்டு போதும். வளர்ச்சி ஹார்மோன் ஊசியை நீயா கேட்காதே. டெஸ்ட் பண்ணி, தேவைன்னு டாக்டர் சொன்னாத்தான். வீட்ல யாரையும் "குள்ளா"ன்னு கூப்பிட விடாதே, செல்லமாகூட வேண்டாம்.

நம்ம புதுச்சேரி மூலக்குளத்துல இருந்து விழுப்புரம் ரோட்ல டவுன் பக்கம் போனா, எல்லைப்பிள்ளைச்சாவடியில ராஜீவ் காந்தி அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனை இருக்கு. அங்கே முதல்ல காட்டு. தேவைப்பட்டா கோரிமேடு ஜிப்மருக்கு அனுப்புவாங்க. எலும்பு வயசு பார்க்க இடது கை மணிக்கட்டுல எக்ஸ்ரே எடுப்பாங்க. போகும்போது பிறந்தப்போ இருந்த எடை எழுதின அட்டையையும், தேதி போட்ட அளவுகளை ஒரு தாள்ல எழுதியும் எடுத்துட்டுப் போ. டாக்டர் முதல்ல கேட்கிறது அதைத்தான்.