குடலுக்கு இதமான தயிர்: சில குறிப்புகள்

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் வாழை இலைச் சாப்பாடு தயிரோடுதான் நிறைவடையும். அந்தத் தயிரின் முழுப் பலனையும் பெற:

• தொடர்ந்து சாப்பிடுங்கள். புரோபயாட்டிக் தயிரில் உள்ள நன்மை தரும் நுண்ணுயிர்கள் பொதுவாகக் குடலில் நிலையாகத் தங்குவதில்லை. நிறுத்தினால் சில நாள்களிலோ வாரங்களிலோ வெளியேறிவிடும். 2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆரோக்கியமான 7 ஜோடி இரட்டைச் சகோதரிகள் 7 வாரம் புரோபயாட்டிக் தயிர் உண்டார்கள். அவர்களின் குடல் நுண்ணுயிர்க் கூட்டம் பெரிதாக மாறவில்லை. ஆகவே அற்புதத்தை எதிர்பார்க்காமல், நல்ல பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

• கொதிக்கும் சோற்றில் தயிரை ஊற்றாதீர்கள். மிகுந்த சூட்டில் நுண்ணுயிர்கள் மடிந்துவிடும். சோறு ஆறிய பின் பிசையுங்கள்.

• பேரங்காடியில் வாங்கும்போது, உயிருள்ள நுண்ணுயிர்கள் உள்ளனவா, சர்க்கரை எவ்வளவு என்று லேபிளைப் பாருங்கள். பழச்சுவைத் தயிரிலும் புளித்த பால் பானங்களிலும் சர்க்கரை கூடுதலாக இருக்கலாம்.

• வீட்டிலேயே தயிருக்கு உறை ஊற்றினால், நம் ஊர் வெக்கையில் பால் சீக்கிரம் உறையும். உறைந்ததும் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள், அதிகம் புளிக்காது.

• பருப்பு, கீரை, வெங்காயம், வாழைப்பழம் சேருங்கள். குடலில் ஏற்கெனவே வாழும் நல்ல நுண்ணுயிர்களுக்கு நார்ச்சத்துதான் சாப்பாடு.

• பால் ஒவ்வாமை உள்ளவர்கள் தயிரைத் தவிர்க்க வேண்டும். நோய் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்கள் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.