இளஞ்சிறாரும் நீதியும்

முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும், பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டும் என்பது நம் நாட்டுப் பழமொழி. குற்றஞ்செய்த சிறுவன்பால் அரசும் அம்முறையையே கைக்கொள்ளலாமோ என்பதை ஈண்டு ஆராய்வாம்.

நம் காரைக்கால் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பிரெஞ்சுக்காரர் 1810இல் இயற்றிய தண்டனைச் சட்டம், 16 வயது நிரம்பாதவன் நன்மை தீமை உணர்ந்து குற்றமிழைத்தானா என்று வினவியது; உணராதவனாயின், அவனைப் பெற்றோரிடமோ திருத்தச்சாலையிலோ ஒப்புவித்தது. அயலிலிருந்த சென்னை மாகாணத்திலோ 1920இல் சிறார் சட்டம் பிறந்தது. இந்திய மாகாணங்களுள் அதுவே முதலாவது. ஆட்சி இரண்டாயினும், சிறுவனை முதியவன்போல் தண்டித்தல் ஆகாதென்னும் கருத்து ஒன்றே.

இன்று நடப்பது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். மாவட்டந்தோறும் நடுவர் ஒருவரும் சமூகப் பணியாளர் இருவரும் கொண்ட குழுமம் அமைத்தல் மாநில அரசின் கடமை. அவ்விருவருள் ஒருவரேனும் பெண்ணாதல் வேண்டும். சிறுவனின் குடும்பநிலையை ஆராய்ந்து நன்னடத்தை அலுவலர் 15 நாளில் அறிக்கை தருதல் வேண்டும். விசாரணையும் பொதுவாக 4 மாதத்தில் முடிதல் வேண்டும்.

விதி நன்றே, ஆயின் அலுவலர் இல்லாவிடத்து அது ஏட்டுச் சுரைக்காயே. வழக்கு நீளுந்தோறும் சிறுவன் இழப்பது பள்ளிப் படிப்பை. ஆதலின் அரசு செய்தற்குரிய சீர்திருத்தம் மூன்று: அலுவலர் பணியிடங்களை ஒழியாது நிரப்புதல், குழுமம் தவறாது கூடுதல், நிலுவை வழக்குகளின் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுதல்.

மாணவர்காள்! சிறார்தம் கல்வி, உடல்நலம், நல்வாழ்வு ஆகியவற்றில் ஏழாண்டு உழைத்தோர் அக்குழுமத்தில் அமரலாமெனச் சட்டமே கூறுகின்றது. அவ்விருக்கைக்கு உரியோர் நம்மிடையே தோன்றுவாராக.