புகையும் நுளம்பும்

சென்ற மாரியில் ஒரு மாலை, நமது வளவினுள்ளே புகை விசிறும் பொறி கொணரப்பட்டது. வெண்புகை வகுப்பறைகளை மூடவே, சிறுவர் ஆரவாரித்தனர். ஒருவன் மட்டும், "ஐயா, இனி டெங்கு வராதோ?" என்றான். அவன் தம்பி அப்போது ஆசுபத்திரியிற் கிடந்தான். தமிழாசிரியர்க்கு நுளம்பில் என்ன வேலை என்பாருமுளர். எனினும் அவ்வினாவை எம்மாற் றட்டிக்கழிக்க முடியவில்லை.

மருந்து தெளித்தல் இந்நாட்டிற் பெருவெற்றி கண்டதுண்டு. 1934இல் மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்கின. அவற்றில் அனோபிலிசு நுளம்பு பல்கியது. அவ்வாண்டிறுதியிலும் அடுத்த ஆண்டிலும் மலேரியாவால் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். 1940களின் நடுவில் டீ.டீ.ரீ. வந்தது. அதனை வீட்டுச் சுவரின் உட்புறத்திலே தெளித்தனர். குருதி பருகிய அனோபிலிசு சுவரிற் றங்கி இளைப்பாறும்; அங்கு படிந்த மருந்தோ திங்கள் பல நின்று கொல்லும். 1963இல் நாடெங்கும் பதிவான நோயாளர் 17 பேரே. பகை தீர்ந்ததெனத் தெளிப்பை நிறுத்தினர். 1969இல் மட்டும் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். டீ.டீ.ரீ.யைத் தாங்கும் ஆற்றலை நுளம்பு பெற்றுவிடவே, 1970களில் மாலத்தியன் கைக்கொள்ளப்பட்டது. மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது 2016இலேயாம்.

அடுத்த ஆண்டே, 2017இல், 186,000க்கு மேற்பட்டோரை டெங்கு பற்றியது. இதனைப் பரப்பும் ஈடிசு வேறு குணத்தது. பகலிற் கடிக்கும், தொங்கும் உடைகளின் பின்னும் கட்டிலின் கீழும் ஒதுங்கும். வெளியில் விசிறும் புகையோ தன்னிற் படும் நுளம்பையே கொல்லும், காற்றிற் கலைந்துவிடும், நீரிலுள்ள குடம்பியைத் தீண்டாது. பாத்திரத்தின் விளிம்பில் ஒட்டிய முட்டை ஈரமின்றியும் மாதக்கணக்கில் உயிர்த்திருந்து, நீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே, நோயாளர் வீட்டைச் சூழவுள்ள நோய்க்கிருமி ஏந்திய நுளம்புகளை விரைந்து குறைத்தற்கே புகை உதவும். அதற்கும் கதவு யன்னல்களைத் திறந்துவைத்தல் வேண்டும். நம்மவரோ பொறியின் ஓசை கேட்டதும் இறுக அடைத்துக்கொள்கின்றனர்!

புகை கலைந்தபின் அம்மாணவனை விடுதியின் பின்புறம் அழைத்துச் சென்றோம். உடைந்த பூச்சாடியொன்றில், மருந்து வாடை நீங்குமுன்னரே, குடம்பிகள் துள்ளிக்கொண்டிருந்தன. சற்றுநேரம் பார்த்து நின்றவன் சாடியைக் கவிழ்த்தான். பின்பு, வேலியோரம் கிடந்த சிரட்டைகளை நோக்கி நடந்தான்.