நகைக்கடையும் காவலும்

மாலை நேரத்தில் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் நடப்பவர்களின் கண்களை முதலில் கவர்பவை நகைக்கடைகள்தாம். கண்ணாடிப் பேழைகளுக்குள் ஆரங்களும் வளையல்களும் வரிசை வரிசையாக மின்னுகின்றன. தீபாவளி நெருங்கிவிட்டால் சில கடைகளில் நிற்கவும் இடம் கிடைக்காது. அந்தக் கூட்டத்தில், கதவோரம் நிற்கும் பாதுகாவல் அதிகாரியைப் பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை. கதவைத் திறந்துவிடுவதற்காக அவரை நிறுத்தியிருக்கிறார்கள் என்று நினைப்பவர்களும் உண்டு. ஆனால், உள்ளே வருபவரின் கை, பை, நடை ஆகியவற்றை அவர் ஓரிரு நொடிகளில் பார்த்துவிடுகிறார்.

துணிக்கடைக்கும் மளிகைக்கடைக்கும் இல்லாத இந்தக் காவல் நகைக்கடைக்கு ஏன்? ஒரு குளிர்சாதனப் பெட்டியைத் திருட வேண்டுமானால் லாரி தேவைப்படும். ஒரு கிலோ தங்கமோ ஏறக்குறைய 52 கன சென்டிமீட்டர் இடத்தில் அடங்கிவிடும். அது ஒரு கைப்பேசிக்குத் தேவையான இடத்தைவிடக் குறைவு. மேலும், திருட்டுப்போன கைப்பேசியை அதன் எண்ணைக் கொண்டு அடையாளம் காணலாம். தங்கத்தை உருக்கிவிட்டால் எந்த அடையாளமும் எஞ்சாது. ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம் என்பதைக் காட்டும் 916 முத்திரையும் நகையோடு சேர்ந்து உருகிப்போகும். அதனால்தான் களவுபோன நகை அதே வடிவில் உரியவரிடம் திரும்பி வருவது அரிது.

கடைக்குள் இருப்பவை எல்லாம் கடைக்காரரின் சொத்தும் அல்ல. பழுதுபார்க்கக் கொடுத்த தாலிக்கொடி, மெருகேற்றக் கொடுத்த பாட்டியின் அட்டிகை, திருமணத்திற்கு முன்பணம் கட்டிச் செய்யச் சொன்ன வளையல்கள் ஆகியவையும் பெட்டகத்தில் இருக்கலாம். காப்புறுதி இருந்தால் அவற்றின் விலை கிடைக்கலாம். பாட்டி அணிந்த அட்டிகை கிடைக்காது.

காவலின் பெரும்பகுதி விற்பனையாளரின் கையிலுள்ள தட்டில் நடக்கிறது. தாயும் மகளும் மோதிரம் வாங்க வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். விற்பனையாளர் ஒரு தட்டை எடுத்து மேசைமீது வைக்கிறார். அதில் ஒவ்வொரு மோதிரத்திற்கும் ஒரு குழி உண்டு. மகள் ஒரு மோதிரத்தை விரலில் போட்டுப் பார்க்கும்போது தட்டில் ஒரு குழி காலியாக இருக்கும். அந்த மோதிரம் திரும்பி வந்து குழி நிரம்பிய பிறகே அடுத்த தட்டு வெளியே வர வேண்டும். கேட்பதற்கு எளிய விதிதான். ஆனால், பண்டிகைக் காலத்தில், பின்னால் நான்கு பேர் காத்திருக்க, ஒருவர் விலை கேட்க, மற்றொருவர் வேறு வடிவம் கேட்க, அந்த விதியைக் கைவிடாமல் இருப்பது கடினம். திருடர்கள் எதிர்பார்ப்பதும் அந்தக் குழப்பத்தைத்தான். ஒருவர் பேச்சுக் கொடுப்பார். உடன் வந்தவர் அதே தோற்றமுள்ள கவரிங் மோதிரத்தைக் குழியில் வைத்துவிட்டு அசலை எடுத்துக்கொள்வார். எதையும் உடைக்காமல், யாரையும் மிரட்டாமல் திருட்டு முடிந்துவிடும். குழிகளை எண்ணினால் மட்டும் போதாது, திரும்பி வந்த நகையையும் பார்க்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

ஆர்ச்சர்ட் சாலையிலுள்ள ஆடம்பரக் கடைகள் சிலவற்றின் வாசலில் வாடிக்கையாளர்கள் வரிசையில் காத்திருப்பதைக் காணலாம். கடை உள்ளே பாதி காலியாக இருக்கும்போது ஏன் காக்கவைக்கிறார்கள் என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. ஒரு வாடிக்கையாளரை ஒரு விற்பனையாளர் தனியாகக் கவனிப்பதற்காகவே இந்த ஏற்பாடு. அது உபசரிப்பு, அதுவே காவலும்கூட.

காவல் என்ற பெயரில் எல்லாரையும் ஐயத்தோடு பார்த்தால் வாடிக்கையாளர் மறுமுறை வரமாட்டார். சாதாரணச் செருப்பும் பள்ளிச் சீருடையும் அணிந்து வரும் மாணவரை ஒருவர் பின்தொடர்ந்துகொண்டே இருந்தால் அவருக்கு எப்படி இருக்கும்? அது மரியாதைக் குறைவு மட்டுமன்று, பயனற்ற காவலும் ஆகும். ஆடையை வைத்துத் திருடரை அடையாளம் காண முடியாது. கேமராக்களை அடிக்கடி நோக்குவது, பொருளைப் பார்க்காமல் வெளியேறும் வழியைப் பார்ப்பது, உடன் வந்தவரைத் தெரியாதவர்போல் நடந்துகொள்வது போன்ற செயல்களையே கவனிக்க வேண்டும்.

2008 டிசம்பரில் பாரிஸ் நகரின் புகழ்பெற்ற வைரநகைக் கடை ஒன்றில் நடந்த கொள்ளை இதற்குச் சான்று. கடை மூடுவதற்குச் சற்று முன் நால்வர் உள்ளே நுழைந்தனர். அவர்களில் மூவர் பெண் வேடத்தில், பொய்முடி அணிந்து வந்திருந்தனர். துப்பாக்கியைக் காட்டி மிரட்டி, கோடிக்கணக்கான யூரோ மதிப்புள்ள நகைகளை அள்ளிச் சென்றனர். ஊழியர்கள் சிலரின் பெயர்களும் நகைகள் வைக்கப்பட்டிருந்த மறைவிடங்களும் அவர்களுக்குத் தெரிந்திருந்தன. பின்னர் நடந்த வழக்கில் அதற்கான காரணம் வெளிவந்தது. அந்தக் கடையின் பாதுகாவலரே கொள்ளையருக்கு உடந்தையாக இருந்தார். வேலியே பயிரை மேய்ந்த கதை! பெட்டகத்தின் சாவியையும் இரகசிய எண்ணையும் ஒரே ஊழியரிடம் ஒப்படைக்காமல் இருவரிடம் பிரித்துக் கொடுக்கும் வழக்கம், இத்தகைய ஆபத்தைக் குறைப்பதற்காகவே உள்ளது.

கருவிகளை மட்டுமே நம்பினால் என்ன ஆகும் என்பதை லண்டன் மாநகரம் 2015இல் கண்டது. அங்கு ஹாட்டன் கார்டன் என்பது நகைக்கடைகள் நிறைந்த வட்டாரம். அங்குள்ள நிலவறை ஒன்றில் நகை வணிகர் பலர் தங்கள் சரக்கைப் பாதுகாப்புப் பெட்டிகளில் வைத்திருந்தனர். ஈஸ்டர் விடுமுறையையொட்டி, ஏப்ரல் 2ஆம் தேதி இரவு, பெரும்பாலும் முதியவர்களைக் கொண்ட ஒரு கும்பல் உள்ளே புகுந்தது. கும்பலின் மூத்தவருக்கு வயது 76! மின்தூக்கிக்கான பள்ளத்தின் வழியே இறங்கி, 50 சென்டிமீட்டர் தடிப்புள்ள கான்கிரீட் சுவரில் துளையிட்டனர்.

அபாய மணி ஒலிக்காமல் இல்லை. நள்ளிரவுக்குப் பின் அது ஒலித்தது. காவல்துறைக்கும் தகவல் சென்றது. ஆனால், காவலர் எவரும் அனுப்பப்படவில்லை. அங்கு வந்த பாதுகாவலர் வெளியிலிருந்து பார்த்தார். முன்கதவு உடைக்கப்படாமல் இருந்ததால் உள்ளே செல்லாமல் திரும்பிவிட்டார். அன்றிரவு சுவருக்குப் பின்னால் இருந்த பெட்டி அடுக்கைக் கொள்ளையரால் தள்ள முடியவில்லை. வெறுங்கையோடு சென்றவர்கள், புதிய கருவியுடன் மீண்டும் வந்து 73 பெட்டிகளை உடைத்தனர். முதல் இரவில் யாரேனும் ஒருவர் கதவைத் திறந்து கீழே இறங்கிப் பார்த்திருந்தால் இரண்டாவது வருகைக்கே இடமிருந்திருக்காது. விடுமுறை முடிந்து, ஏப்ரல் 7ஆம் தேதிதான் களவு வெளியே தெரிந்தது. ஏறக்குறைய 1 கோடியே 40 லட்சம் பவுண்டு மதிப்புள்ள பொருள்கள் போயிருந்தன. பிற்பாடு கும்பல் பிடிபட்டது. பொருள்களில் பெரும்பகுதி கிடைக்கவில்லை.

ஆயுதத்தோடு ஒருவர் கடைக்குள் வந்துவிட்டால் ஊழியர் என்ன செய்ய வேண்டும்? எதிர்த்து நிற்பதே வீரம் என்று திரைப்படங்கள் காட்டலாம். ஊழியர்களுக்கு அளிக்கப்படும் பயிற்சியோ வேறுவிதமாகச் சொல்கிறது. கேட்டதைக் கொடுத்துவிடுங்கள்; அவரைத் துரத்தாதீர்கள்; உயரம், குரல், காலணி, சென்ற திசை ஆகியவற்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்; ஆபத்து நீங்கியதும் காவல்துறையை அழையுங்கள். மாதச் சம்பளத்திற்கு வேலை செய்யும் ஒருவர், கடையின் சங்கிலிக்காக உயிரைக் கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. மற்றதைச் சட்டம் பார்த்துக்கொள்ளும். சிங்கப்பூரில் கொள்ளைக் குற்றத்திற்கு 2 முதல் 10 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படிகளும் உண்டு. இரவு 7 மணிக்கும் காலை 7 மணிக்கும் இடையில் கொள்ளையடித்தால் 3 முதல் 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 12 பிரம்படிகளும் விதிக்கப்படும்.

சிராங்கூன் சாலையில் இரவு ஏறுகிறது. கடைசி வாடிக்கையாளர் பற்றுச்சீட்டை வாங்கிக்கொண்டு வெளியேறுகிறார். பேழைகளிலிருந்து தட்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. ஒருவர் எண்ணிச் சொல்ல, மற்றொருவர் குறிப்பேட்டைப் பார்த்துச் சரி என்கிறார். எண்ணிக்கை ஒன்று குறைந்தாலும் அன்று யாரும் வீட்டுக்குப் போக முடியாது. பெட்டகம் பூட்டப்படுகிறது; அபாய மணி இயக்கப்படுகிறது. பாதுகாவல் அதிகாரி வெளியே வந்து சாலையின் இருபுறமும் பார்க்கிறார். பிறகு ஊழியர்களை ஒன்றாக வெளியே வரச் சொல்லிக் கையசைக்கிறார். விளக்கு எரியும் கண்ணாடிப் பேழைகளில் இப்போது எஞ்சியிருப்பவை, நகை இல்லாத வெல்வெட் கழுத்துகள் மட்டுமே.