கணக்கு முடிக்கும் நாள்



நம்ம ஊர்ப் பக்கம் பழைய வீடுகளில் கணக்குப் பேரேடுகளைப் பார்த்திருப்பீர்கள். கடல் தாண்டி வணிகம் செய்த நகரத்தார் பற்று, வரவு எழுதி, கடைசியில் ஐந்தொகை எடுப்பார்கள். அன்றைக்கு எதையும் மூடி மறைக்க முடியாது. விவிலியம் சொல்லும் தீர்வை நாளும் அப்படித்தான். நாம் செய்தது எல்லாம் கடவுள் முன் கணக்குக்கு வரும் நாள் அது.

அப்படியானால் பயந்து நடுங்குவதா? இல்லை. நினிவே நகரத்துக்கு யோனா சொன்ன செய்தியைக் கவனியுங்கள். அழிவு வரும் என்றார். ஆனால் 40 நாள் கெடு இருந்தது. அழிக்க மட்டுமே நினைப்பவர் கெடு கொடுப்பாரா? மக்கள் தீய வழியை விட்டார்கள், நகரம் பிழைத்தது. ஆக, எச்சரிக்கையும் இரக்கம்தான்.

மனம் திரும்புதல் என்றால் என்ன?

அழுவது மட்டும் அல்ல. என்ன செய்யணும் என்று கேட்டவர்களுக்குத் திருமுழுக்கு யோவான் சொன்ன பதிலைப் பாருங்கள் (லூக்கா 3). இரண்டு அங்கி வைத்திருப்பவர் ஒன்றை இல்லாதவருக்குத் தர வேண்டும். வரி வசூலிப்பவர் அதிகமாக வாங்கக் கூடாது. படைவீரர் மிரட்டிப் பணம் பறிக்கக் கூடாது. தவறு எங்கேயோ, திருத்தமும் அங்கேயே.

நம் பக்கத்தில் நடந்தது

ராமநாதபுரம் மாவட்டம், திருவாடானைப் பக்கம் உள்ளது ஓரியூர். லிஸ்பனில் 1647-ல் பிறந்த அருளானந்தர் (ஜான் தெ பிரிட்டோ) மறவர் சீமையில் போதித்து வந்தார். அரச குடும்பத்தைச் சேர்ந்த தடியத்தேவர் நோய் தீர்ந்து திருமுழுக்குக் கேட்டார். அவருக்கு மனைவியர் பலர். ஒருவரோடு மட்டுமே வாழ வேண்டும் என்றார் அருளானந்தர். தேவர் ஒப்புக்கொண்டு, 1693 ஜனவரி 6-ல் திருமுழுக்குப் பெற்றார். விலக்கப்பட்டவர்களில் கடலாயி என்பவர் ரகுநாத கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். அவர் அரசரிடம் முறையிட்டார். அருளானந்தர் கைதானார். 1693 பிப்ரவரி 4-ல் ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது. அன்று திருநீற்றுப் புதன். திருச்சபை எல்லாரையும் மனம் திரும்ப அழைக்கும் தவக்காலத்தின் முதல் நாள்! 1947-ல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

இந்தக் கதையைச் சொன்னபோது எங்க வகுப்புத் தோழி ஒருத்தி கேட்டாள்: "அது சரி, அந்தப் பெண்கள் என்ன பாவம் செஞ்சாங்க?" நியாயமான கேள்வி. தவறை விட்டால் மட்டும் போதாது. நம்மால் பிறருக்கு வந்த நஷ்டத்தையும் நாம்தான் பார்க்கணும். சக்கேயு சும்மா மன்னிப்புக் கேட்கவில்லை. ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னார்.

என் கணக்கு

போன வருஷம் நண்பன் ஒருவனின் பேனாவை எடுத்துவிட்டேன். பழி வேறொருவன் மேல் விழுந்தது. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன், மனசு லேசானது. ஆனால் அவனுக்கு 'பேனாத் திருடன்' என்ற பட்டப்பெயர் போகவில்லையே! என் மனசு லேசானதால் அவனுக்கு என்ன லாபம்?

சென்ற வாரம் பேனாவைத் திருப்பிக் கொடுத்து, வகுப்பில் எல்லார் முன்னாலும் உண்மையைச் சொன்னேன். கால் நடுங்கியது. பழி சுமந்தவன் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. பேசு என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை. காத்திருக்கிறேன்.

நண்பர்களே, கணக்கு நாள் என்று வரும் என்று யாருக்கும் தெரியாது. கெடு இன்று இருக்கிறது.

சிந்திக்க:
1. நான் திருப்பித் தர வேண்டியது என்ன?
2. என் தவறுக்காக யார் பழி சுமக்கிறார்கள்?
3. அவரிடம் இந்த வாரமே போய்ப் பேசுவேனா?