கயிற்றை இழுக்கும் முன்

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் நடுவில்தான் எங்கள் கொல்லை. விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தால், மோட்டார் கொட்டகைக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர். மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, களையெடுக்கும் பவர் வீடர் கார்புரேட்டர் வரைக்கும் மூழ்கி நின்றது. சுவரில் மாட்டியிருந்த புல் வெட்டும் மிஷின் ஆணியோடு பெயர்ந்து சேற்றில் கிடந்தது.

தண்ணீர் வடிந்த அன்றே பக்கத்துக் கொல்லைக்கார மாமா தன்னுடைய வீடரின் கயிற்றைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. கால் ஊன்றி இழுத்ததில் கயிறு அறுந்தது. வேறு கயிறு போட்டு, பிளக்கைத் துடைத்து மாட்டி, மறுநாள் எப்படியோ ஓட வைத்துவிட்டார். எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு மணி நேரம் ஓடியிருக்கும். கடகடவென்று ஒரு சத்தம் கேட்டு, இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஆயிலில் கலந்திருந்த தண்ணீரை அவர் பார்க்கவே இல்லை.

நான் தப்பித்ததற்குக் காரணம், பல வருடங்களுக்கு முன் திண்டிவனத்தில் ஒரு மெக்கானிக் அண்ணன் சொன்னதுதான். “தண்ணில நின்னுபோன வண்டியோட கயித்த இழுக்காத தம்பி. மொதல்ல பிளக்கக் கழட்டு. காத்தத்தான் நசுக்க முடியும், தண்ணிய நசுக்க முடியாது.”

அதனால் முதலில் பிளக்கைக் கழற்றினேன். இன்ஜினைச் சாய்த்ததும் பிளக் ஓட்டை வழியாக ஒரு டம்ளர் அளவுக்குச் செம்மண் நீர் வந்தது. விரலில் தொட்டுத் தேய்த்தால் நறநறவென்று வண்டல். அதை உள்ளே வைத்துக்கொண்டு கயிற்றை இழுத்திருந்தால் சிலிண்டர் சுவரில் கோடு கோடாகக் கீறல் விழுந்திருக்கும். அடுத்து கீழே ஆயில் போல்ட்டைத் திருகினேன். முதலில் வெறும் தண்ணீர், அதன் பின்னால் பால் கூடிப்போன காபி மாதிரி வெளுத்த ஆயில். எங்கள் வீடருக்கு 600 மில்லி பிடிக்கும். புது ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமலேயே பத்துத் தடவை கயிற்றை மெதுவாகச் சுற்றிவிட்டு, திரும்ப வடித்தேன். அப்போதும் வெளுப்புதான். மூன்றாவது முறைதான் தேன் நிறத்திலேயே இறங்கியது. இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ஆயில் செலவு. கை கூசாமல் செலவழிக்க வேண்டிய இடம் இது.

பெட்ரோல் டேங்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் முழுக்கக் காலி செய்தேன். காகித ஏர் ஃபில்டர் நனைந்தால் தூக்கிப் போடத்தான் வேண்டும். ஸ்பாஞ்சு ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, நாலு சொட்டு ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டலாம். சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுச் சுற்றிவைத்தேன்; இரண்டு நாள் விட்டாலே உள்ளே துரு பூக்க ஆரம்பிக்கும். விசிறி மூடியைத் திறந்தால் மேக்னெட் முழுக்கச் சேறு. நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, துருவை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தேன். காயிலைத் திரும்ப முடுக்கும்போது, மேக்னெட்டுக்கும் அதற்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி முடுக்கிவிட்டு உருவினால் இடைவெளி சரியாக அமையும். நாலாம் நாள் காலை புது பெட்ரோல் ஊற்றி இழுத்தேன். குப்பென்று வெள்ளைப் புகை, பிறகு சீரான சத்தம். அம்மா வாசலுக்கு வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இத்தனை பாடு எதற்கு, கடையில் கொடுத்துவிடலாமே என்று கேட்பார்கள். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. ரகங்களுக்கு ஊர்ப் பெயரே அடையாளமாக நிற்கிற அளவுக்கு இது மல்லாட்டைச் சீமை. விதைத்த 20ஆம் நாளை ஒட்டி ஒரு களை, 40ஆம் நாளை ஒட்டி இன்னொரு களை. 45 நாளைத் தாண்டினால் விழுது மண்ணில் இறங்கிவிடும், அப்புறம் மண்ணைக் கிளறக் கூடாது. அந்த நேரத்தில் மிஷின் பத்து நாள் கடையில் கிடந்தால் அந்தப் போகத்தின் களையெடுப்பு போனதுதான். கை வேலையை நான் கற்றுக்கொண்டது இதற்காகத்தான்.

புயல் எப்போதோ வருகிறது. வருடம் முழுக்கத் தொந்தரவு தருவது டேங்கில் தங்கிய பெட்ரோல். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. இப்போது எங்கள் பங்கிலும் அதுதான். சின்ன இன்ஜின்களின் கையேடுகள் பலவற்றில் 10 சதவீதம் வரை என்றுதான் போட்டிருக்கும். எத்தனால் என்ன செய்யும் என்று ஒரு கண்ணாடி பாட்டிலில் நீங்களே பார்க்கலாம். 100 மில்லி பெட்ரோலோடு 10 மில்லி தண்ணீர் விட்டுக் குலுக்கி வையுங்கள். நான் செய்தபோது, அடியில் 10 மில்லியாக நிற்க வேண்டிய தண்ணீர் 30-ஐ நெருங்கி நின்றது. பெட்ரோலில் இருந்த எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கிவிட்டது. மரக்காணம் பக்கத்து ஈரக்காற்றில் மாதக்கணக்கில் நிற்கிற டேங்குக்குள்ளும் இது கொஞ்சம் கொஞ்சமாக நடக்கலாம். டூ-ஸ்ட்ரோக் மிஷின் என்றால் ஆபத்து இரட்டிப்பு: ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும், குழாய் உறிஞ்சுவதோ அடியில் இருக்கிற ஆயில் இல்லாத கலவையை. எனவே பத்து நாளுக்கு மேல் வேலை இல்லையென்றால் டேங்கை வடித்துவிட்டு, தானாக நிற்கும் வரை ஓடவிடுகிறேன்.

ஆயில் கலக்குகிற அளவையும் காதுவழிச் செய்தியாக வாங்காதீர்கள். சில மிஷினுக்கு ஒரு லிட்டருக்கு 40 மில்லி, சிலதுக்கு 20 மில்லி. மூடியிலோ கையேட்டிலோ போட்டிருக்கும். எங்கள் வீட்டில் கலவை கேனில் சிவப்பு பெயின்ட் பட்டை, வெறும் பெட்ரோல் கேனில் ஒன்றும் இல்லை.

ஸ்டார்ட் ஆகாத மிஷினில் நான் முதலில் பார்ப்பது பிளக்கை. நாலைந்து முறை இழுத்த பிறகும் நுனி காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் தீப்பொறியில் கோளாறு, அல்லது சோக் அதிகம். பெட்ரோல் வரவில்லையென்றால் குழாய் வெடித்திருக்கிறதா, ஜெட் அடைத்திருக்கிறதா என்று பார்க்கிறேன். ஜெட் பித்தளை; ஊக்கோ கம்பியோ போட்டுக் குத்தினால் துளை பெருத்துவிடும். மின்வயரிலிருந்து ஒரே ஒரு செம்பு இழையை உருவிக் குத்துங்கள், போதும். புல் வெட்டும் மிஷினில் டயாஃப்ரம் இருக்கும். விரலால் அழுத்தினால் துவள வேண்டும். காய்ந்த சருகு மாதிரி மொடமொடத்தால் மாற்ற வேண்டியதுதான். நன்றாக ஓடி, பாரம் ஏற்றினால் மட்டும் திணறுகிறதா? சைலன்சரின் வலையைக் கழற்றிப் பாருங்கள், கரி அடைத்திருக்கும்.

பிளேடு பக்கம் கை போகும் முன் பிளக்கின் தொப்பியைக் கழற்றிவிடுங்கள். வேலை எப்போதும் திறந்த வெளியில்தான். பெட்ரோலும் அடுப்பும் ஒரே கூரையின் கீழ் கூடாது, மூடிய அறையில் இன்ஜின் ஓடக் கூடாது. இதில் நான் யாரிடமும் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை.

பிரிக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம். கழற்றிய ஸ்குரூக்களைக் கழற்றிய வரிசையிலேயே பழைய இட்லித் தட்டின் குழிகளில் போடுகிறேன். மாட்டும்போது கடைசிக் குழியிலிருந்து திரும்பி வந்தால் போதும்.

மாமாவின் வீடர் இப்போது எங்கள் தாழ்வாரத்தில் பிரிந்து கிடக்கிறது. தண்ணீர் கலந்த ஆயிலில் கனெக்டிங் ராடு கிராங்கோடு ஒட்டிப்போயிருந்தது. கிராங்கின் கழுத்தில் அப்பியிருந்த அலுமினியத்தை மூன்று சாயங்காலம் உட்கார்ந்து தேய்த்து எடுத்திருக்கிறேன். நகத்தை ஓட்டினால் எங்கும் தட்டவில்லை. சிலிண்டரில் பெரிய கீறல் இல்லை. புது ராடு வாங்க வெள்ளிக்கிழமை விழுப்புரம் போகிறேன். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், அளவு மாறும் என்பதால் பழைய ராடைத் தினத்தாளில் சுற்றிப் பைக்குள் வைத்தாகிவிட்டது.