உட்கார்ந்தே உழைக்கும் தாய்மார்களுக்கு

தாய்மார்களே! தென்காசி வட்டாரத்தில் பீடித் தட்டை மடியில் வைத்தால் பொழுது சாயும்வரை எழுந்திருப்பதில்லை. "நாள் பூரா உழைக்கிறேனே, உடம்பு ஏன் பெருக்குது?" என்கிறீர்கள். கைதானே உழைக்கிறது, கால் சும்மா இருக்கிறதே!

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்கள் நூறு பேரில் 40 பேருக்கு எடை அதிகம். இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் சர்க்கரை வியாதி, இரத்தக் கொதிப்பு வரும் வாய்ப்பு கூடும்.

பட்டினி கிடக்காதீர்கள், குறைந்த எடை திரும்ப ஏறிவிடும். சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, கீரையும் பயறும் கூட்டுங்கள். இரண்டு கட்டு சுற்றியதும் எழுந்து நடங்கள். வாரம் 150 நிமிடம் வேக நடை வேண்டும். "சாரல் விழுதே, எப்படி நடக்க?" குற்றால சீசனில் திண்ணையிலேயே நடக்கலாம்! மாதமொருமுறை இடுப்பளவைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.